பானகமும் பழச்சாறும்: சிராவகர் அடுக்களைக்கு ஒரு பாடம்

இல்லறத்தாருக்கு ஆகமங்கள் வகுத்துள்ள ஒழுக்கங்களுள் பெரும்பகுதி அடுக்களையில்தான் கடைப்பிடிக்கப்படுகிறது. பூஜையும் ஸ்வாத்யாயமும் நாளில் சில நாழிகைப் பொழுதே நிகழ்வன. நீர் வடிகட்டுதல், தானியம் புடைத்தல், காய்கனி ஆய்தல், அளவறிந்து சமைத்தல் ஆகியவையோ பகல் முழுவதும் நடைபெறுவன. ஆகவே அகிம்சை என்னும் பேரறம் நம் குடும்பங்களில் நிலைபெறுவதும் தளர்வதும் பெரிதும் அடுக்களையைப் பொறுத்தே அமைகின்றன. கோடைக்கேற்ற பழச்சாறுகளையும் பானகங்களையும் வீட்டிலேயே செய்வது பற்றி இவ்விதழில் அறநெறி நோக்கிலும் அறிவியல் நோக்கிலும் சிறிது ஆராய்வோம்.

தொழிலின் பொருட்டும் பணியின் பொருட்டும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கனிகளில் குறைவில்லை. சேலத்து மாம்பழத்தின் புகழ் நாடறிந்தது. மல்கோவா, இமாம்பசந்து, சேலம் குண்டு, நடுசாலை, கிளிமூக்கு எனப் பலவகை மாங்கனிகள் சித்திரை, வைகாசியில் கடைத்தெருவை நிறைக்கின்றன. கொல்லிமலையிலிருந்து அன்னாசியும் பலாவும் வாழையும் இறங்குகின்றன. ஏற்காட்டிலிருந்து ஆரஞ்சு வருகிறது. காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பகுதிகளில் வாழையும் கரும்பும் விளைகின்றன. பங்குனி பிறந்தவுடன் தகிக்கும் இச்சமவெளியின் வெப்பத்துக்குக் கனிச்சாறு தக்க மாற்றும் ஆகும்.

அண்மைக் காலமாக நம் இளைய தலைமுறையினர் அடுக்களையில் புதுப்புதுப் பானங்களைச் செய்து பார்க்கின்றனர். இந்த ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயினும் அன்னாசித் தோலை வெல்ல நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பது, திராட்சையைச் சர்க்கரையுடன் சாடியில் அடைத்து வைப்பது, இனிப்பிட்ட தேநீரில் ஒரு பாசிபோன்ற தாய்ப்படலத்தை இட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட்டுக் ‘கொம்புச்சா’ தயாரிப்பது ஆகிய முறைகளும் அவற்றுடன் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைகின்றன. “இவை உடலுக்கு நன்மை தருவன என்கிறார்களே, இவற்றை மது என்று கூற இயலாதே, நாம் அருந்தினால் என்ன?” என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இது நியாயமான வினா. “வேண்டா” என்ற ஒரு சொல்லால் இதனை அடக்கிவிடாமல் காரணம் காட்டி விடையளிப்பது பெற்றோரின் கடமையாகும்.

முதல் ஆகாரம்

கனிச்சாறும் கரும்புச்சாறும் நம் நெறிக்கு அயலானவை அல்ல. ஆதிபகவனாகிய விருஷப தீர்த்தங்கரர் துறவு பூண்டபின் நெடுங்காலம் உணவின்றி இருந்தார். முனிவருக்கு எவ்வாறு ஆகாரம் அளிப்பது என்பதை அக்காலத்து மக்கள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து நீட்டினர். அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் தன் முற்பிறவி நினைவால் ஆகாரதான முறையை உணர்ந்து, தூய கரும்பின் சாற்றைப் பகவானின் கைகளில் வார்த்தான். வைகாசி மாதத்து வளர்பிறைத் திரிதியையில் நிகழ்ந்த இத்தானத்தின் நினைவாகவே அட்சய திருதியை கொண்டாடப்படுகிறது. இவ்வரலாறு ஸ்ரீபுராணத்தின் வாயிலாக நம் இல்லங்கள் நன்கறிந்ததே.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அச்சாறு புதிதாக இருந்தது, தூயதாக இருந்தது, ஏற்போரின் விரதத்துக்கு ஊறு செய்யாததாக இருந்தது. அதே கரும்பின் சாறு வெயிலில் கிடந்து நுரைத்திருக்குமாயின் தானத்துக்குரிய பொருளாக இருந்திருக்காது. கரும்பு வேறன்று, காலமே வேறு. இப்பாடத்தின் கருத்து முழுவதும் இதனுள் அடங்கும்.

ஆகமம் வகுத்த எல்லைகள்

சிராவகரின் மூலகுணங்கள் எட்டு. அவற்றை எண்ணுவதில் ஆசாரியர்களிடையே சிறு வேறுபாடு உண்டு. ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றின் விலக்கோடு ஐந்து அணுவிரதங்களைச் சேர்த்து எட்டாக்குவார். புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் அம்மூன்றின் விலக்கோடு ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளின் விலக்கையும் வலியுறுத்துவார். எவ்வாறு எண்ணினும் மது விலக்கே முன்னிற்கிறது.

மதுவை விலக்குவதற்கு அமிர்தசந்திரர் இரண்டு காரணங்கள் காட்டுகிறார். மது மனத்தை மயக்குகிறது. மயங்கியவன் அறத்தை மறக்கிறான், அறம் மறந்தவன் அஞ்சாது இம்சை புரிகிறான். இது முதற்காரணம். புளித்த சாற்றில் தோன்றும் எண்ணற்ற உயிர்களுக்கு மது பிறப்பிடமாக உள்ளது, அதை அருந்துவோர் அவ்வுயிர்களின் கொலைக்கு ஆளாகின்றனர். இது இரண்டாவது காரணம். மயக்கம் தராத அளவு சிறிதே அருந்தினாலும் முதற்காரணம் நீங்கலாமே தவிர இரண்டாவது காரணம் நீங்காது. பிள்ளைகளின் வினாவுக்கு உரிய விடை இவ்விடத்தில்தான் உள்ளது.

நம் மரபில் உண்ணத்தகாதன 22 எனக் கூறப்படும் பட்டியலிலும் இக்கருத்து விரிகிறது. மதுவும் தேனும் ஐவகைக் கனிகளும் கிழங்கு வகைகளும் அதில் உள்ளன. அவற்றோடு ஊறல் வகைகள், பெயரும் குணமும் அறியாத கனி, ஆலங்கட்டி, உறைபனி ஆகியவையும் இடம்பெறுகின்றன. சலிதரசம் என்பதும் அவற்றுள் ஒன்று. இயல்பான சுவையும் மணமும் நிறமும் திரிந்துபோன உணவே சலிதரசம். பழச்சாறு செய்வோர் இச்சொல்லை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பருகுவதும் உணவே என்பதை மறத்தலாகாது. காத்யம், ஸ்வாத்யம், லேஹ்யம், பேயம் என ஆகாரம் நால்வகைப்படும். பேயம் என்பது பருகுவது. ஆதலால் இரவுண்ணா விரதமுடையோர் பழச்சாற்றையும் கதிரவன் மறையுமுன் அருந்திவிட வேண்டும். பிழிவதும் பகலிலேயே நிகழவேண்டும். விளக்கொளியில் தெரியாத சிற்றுயிர் பகலொளியில் தெரியும்.

சாறு மதுவாகும் முறை

இனி அறிவியல் கூறுவதைக் காண்போம். கனிகளின் தோல்மீது ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. தோல் முழுமையாக இருக்கும்வரை அவை கனியின் உட்புறச் சர்க்கரையை எளிதில் அடைய இயலாது. கனியை நறுக்கிப் பிழிந்தவுடன் தடை நீங்குகிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு எத்தில் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. 180 கிராம் குளுக்கோசு முற்றிலும் நொதித்தால் ஏறத்தாழ 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் வாயுவும் உண்டாகும் என்பது வேதியியல் கணக்கு. சாற்றில் காணும் நுரை அவ்வாயுவே. இறுக மூடிய புட்டி சில வேளை வெடிப்பதும் அதனாலேயே. நொதித்தல் வெறும் இரசாயன மாற்றமன்று, உயிர்களின் செயல் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆய்வுகளால் நிலைநாட்டினார்.

வெப்பமான சூழலில், ஏராளமான சர்க்கரையில், ஈஸ்ட் ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திலேயே இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இவ்வாறு பத்து முறை இரட்டித்தால் ஒன்று 1,024 ஆகும். சேலத்துக் கோடை வெப்பம் இப்பெருக்கத்துக்கு மிகவும் உகந்தது. காலையில் பிழிந்த சாறு மாலையில் புளிப்பேறி நுரைப்பதன் காரணம் இதுவே.

நுண்ணுயிரியலார் கூறும் ஈஸ்ட்டும் ஆகமம் கூறும் ரசத்தில் தோன்றும் உயிர்களும் ஒன்றே என்று சாதிக்க நாம் முற்படவில்லை. இரண்டும் வேறுவேறு நோக்கில் எழுந்த அறிவுகள். ஆனால் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் நம் ஆசாரியர்கள் கோடு கிழித்த இடமும் பாஸ்டர் நுண்ணோக்கியில் உயிர்ப்பெருக்கம் கண்ட இடமும் ஒன்றாக இருப்பது எண்ணத்தக்கது.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் கன அளவில் நூற்றுக்கு 0.5 பங்குக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தையே மதுபானமாக வகைப்படுத்துகின்றன. சட்டத்துக்கு அவ்வாறு ஓர் அளவுகோல் தேவை. விரதத்துக்கோ தசமப் புள்ளி இல்லை. நொதிக்கவிடுவது என்பதே உயிர்களை வேண்டுமென்று பெருக்கி, அவற்றோடு சேர்த்துப் பருகுவதாகும். ஆகவே கொம்புச்சா போன்றவை 0.5 பங்குக்குக் குறைவான ஆல்கஹால் உடையவையாக இருப்பினும் சிராவகருக்கு உரியவை அல்ல. வீட்டில் திராட்சையை நொதிக்கவைத்து மதுவாக்குவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

இவ்விடத்தில் சிலர், “தயிரும் புளிக்கிறதே, இட்லி மாவும் புளிக்கிறதே” என்பர். காய்ச்சிய பாலில் உறையிட்ட தயிருக்கும் நம் மரபில் கால எல்லை உண்டு, எல்லை கடந்ததை விலக்கவே வேண்டும். புளித்த மாவினை விரதியர் பலர் விலக்கியே வருகின்றனர், எல்லோராலும் அது இயலவில்லை என்பதும் உண்மையே. இயலாத ஒன்றைக் காட்டி இயன்றதையும் கைவிடுவது அறமன்று. இதுவரை நம் வீட்டில் இல்லாத ஓர் ஊறலைப் புதிதாகக் கொண்டுவராதிருத்தல் எவர்க்கும் எளிது.

சேலம் மாவட்டம் கண்ட பாடம்

காலமும் கவனமும்தான் ஒரு சாற்றின் தன்மையை முடிவு செய்கின்றன என்பதற்குக் கண்கூடான சான்று பனையிலும் தென்னையிலும் இறக்கும் பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது இனிய பதநீர். சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டின் பெருக்கத்தைத் தடுக்கிறது. சுண்ணாம்பு இடாவிடில் சில மணி நேரத்தில் அதுவே கள். மரமும் பாளையும் கலயமும் ஒன்றே. இடையில் நிற்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு. பதநீர் அருந்துவதா விலக்குவதா என்பது அவரவர் ஏற்ற விரதத்தைப் பொறுத்தது. நாம் இங்கு அதனை உவமையாகவே காட்டினோம்.

இவ்வேறுபாட்டை அரசியல் அளவில் உணர்ந்த மண்ணும் இதுவே. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவிய ராஜாஜி, கிராம மக்களின் மதுப்பழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை 1929-இல் அங்கிருந்து நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பேற்றதும், அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்குக் கண்ட மாவட்டம் இதுவே. 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாகிய நாமக்கல்லும் அன்று சேலத்துள் அடங்கியிருந்தது. கள் வருவாய் இழந்த அரசு 1939-இல் விற்பனை வரி விதித்து ஈடு தேடிக்கொண்டது.

அச்சட்டம் பின்னர்ப் பலமுறை தளர்த்தவும் இறுக்கவும் பட்டது. அரசு இயற்றும் சட்டத்தை அரசே மாற்றலாம். குருவின் முன் ஏற்ற விரதத்தை மாற்றுவதற்கு எந்த அரசாலும் இயலாது. சட்டம் கடைவாயிலில் நிற்பது, விரதம் அடுக்களையிலேயே நிற்பது. நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது நலம்.

கனியைத் தேர்தல்

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் கனி. பெயர் அறியாத கனியை வாங்க வேண்டா. வெட்டுப்பட்டதும் அடிபட்டு நைந்ததும் நீங்குக. மாம்பழத்தின் தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதைச் சுற்றி மென்மையும் காணப்பட்டால், பழ ஈ அங்கு முட்டையிட்டிருக்கக்கூடும். உள்ளே புழுக்கள் இருக்கும். மாங்கொட்டைக்குள் வாழும் வண்டு வெளியே எவ்வடையாளமும் காட்டாது. ஆகவே மாம்பழத்தை முழுதாகப் பிசைந்து சாறெடுக்கும் வழக்கத்தை விட்டு, பகலொளியில் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பார்த்த பின்னரே மிக்சியில் இடுதல் வேண்டும். மிக்சிக்குள் இட்ட பின் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை.

கால்சியம் கார்பைடு கல்லினால் பழுக்கவைத்த கனியை விற்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. செங்காயாக வாங்கி வைக்கோலில் பழுக்கவைப்பது பழைய முறை, நல்ல முறை.

உலர்ந்த அத்திப்பழத்தை ஊறவைத்து அரைத்த பானம் இப்போது சத்துணவாகப் பரவலாகப் பேசப்படுகிறது. அத்தி இனக் கனிகளுக்குள் சிறு குளவிகள் நுழைந்து முட்டையிடுவதையும், பல உள்ளேயே மடிவதையும் தாவரவியல் விளக்குகிறது. அவ்வினக் கனிகளை மூலகுணங்களிலேயே விலக்கிய நம் முன்னோரின் நுண்ணறிவை எண்ணி அதனைத் தவிர்ப்போமாக.

நீரும் இனிப்பும்

பானத்தில் பெரும்பகுதி நீரே. தடித்த இருமடித் துணியில் வடிகட்டிய நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 2 நாழிகை அல்லது 48 நிமிடம், எல்லையென மரபு கூறுகிறது. கிராம்பு முதலியன இட்டு மாற்றிய நீருக்கு 6 மணி நேரம். நன்கு கொதிக்கவைத்த நீருக்கு 24 மணி நேரம். பானங்களுக்குக் கொதித்து ஆறிய நீரே சிறந்தது. வடிகட்டிய துணியில் தங்கியவற்றை நீர் எடுத்த இடத்திலேயே சேர்க்கும் வழக்கத்தை இயன்றவரை காத்தல் நன்று.

பனிக்கட்டி எந்நீரில் உறைந்தது என்பது நமக்குத் தெரியாது. புதிய மண்பானையில் கொதித்து ஆறிய நீரை ஊற்றி, ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் போதிய குளிர்ச்சி கிடைக்கும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்வதே இதன் காரணம்.

இனிப்புக்குத் தேன் கூடாது. வெல்லம், பனங்கற்கண்டு, சர்க்கரை ஆகியன போதும். வெல்லத்தை முதலில் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விடுக. வெல்லத்தில் மண்ணும் தூசியும் சில வேளை எறும்பும் இருக்கும். கிழங்கு விலக்கு உடையோர் இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கினைக் கொள்ளலாம். புளிப்புச் சாறுகளை ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்கலாகாது. எவர்சில்வர், கண்ணாடி, மண்கலம் ஆகியவை உகந்தவை.

நான்கு பானங்கள்

கீழ்வரும் அளவுகள் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வேளைக்கானவை.

எலுமிச்சைப் பானகம்: கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், வெல்லம் 150 கிராம், எலுமிச்சம்பழம் 2, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி, ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை. வெல்லப்பாகு முற்றும் ஆறிய பின்னரே எலுமிச்சையைப் பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் கசக்கும்.

மாங்காய்ப் பானகம்: நன்கு முற்றிய கிளிமூக்கு மாங்காய் 2 எடுத்து, நறுக்கிப் பார்த்து, வேகவைத்து, சதையை மசித்து வடிகட்டுக. நீர் ஒன்றேகால் லிட்டர், வெல்லம் 200 கிராம், வறுத்த சீரகப் பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு சிறிது சேர்க்க. வெயிலில் அலைந்து வருவோருக்கு இது மிகவும் ஏற்றது. வியர்வையில் இழந்த நீரும் உப்பும் ஒருங்கே மீள்கின்றன.

மாம்பழச் சாறு: ஆய்ந்து நறுக்கிய மாம்பழத் துண்டு அரைக் கிலோ, நீர் முக்கால் லிட்டர், ஏலக்காய் 2. மல்கோவாவும் இமாம்பசந்தும் தம் இனிப்பே போதுமானவை, அவற்றுக்குச் சர்க்கரை வேண்டுவதில்லை. அரைத்தவுடன் பருகுக.

அன்னாசிச் சாறு: கொல்லிமலை அன்னாசி 1. தோலும் கண்களும் நன்கு நீக்கி, சிறு துண்டுகளாக்கி, 1 லிட்டர் நீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுக. இறக்கியபின் கிராம்பு 3, பனங்கற்கண்டு 100 கிராம் இட்டு, ஆறியதும் வடிகட்டுக. பச்சை அன்னாசியில் உள்ள ஒருவகை நொதி நாவை அரிக்கும், பாலுடன் சேர்ந்தால் கசப்பாக்கும். கொதிக்கும்போது அது செயலிழக்கிறது.

இவற்றை அடிப்படையாகக் கொண்டு பிள்ளைகள் தம் விருப்பம்போல் சோதனை செய்யலாம். ஒருமுறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுவது நல்ல முறை. சுக்குக்கு மாற்றாகக் கொல்லிமலை மிளகு, வெல்லத்துக்கு மாற்றாகப் பனங்கற்கண்டு, ஏலக்காய்க்கு மாற்றாகக் கிராம்பு என மாற்றி, அளவையும் சுவையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரலாம். ஆனால் “எவ்வளவு நேரத்தில் புளிக்கிறது பார்ப்போம்” என்னும் சோதனை மட்டும் நம் வீட்டுக்கு வேண்டா. அதனை உலகம் முன்பே கண்டறிந்துவிட்டது. அறிவதற்காக மீண்டும் ஓர் உயிர்ப்பெருக்கத்தையும் அழிவையும் உண்டாக்கத் தேவையில்லை.

சேமித்து வைக்கலாமா?

குளிர்சாதனப் பெட்டி காலத்தை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. அதனுள் வைத்த சாறும் நாள் செல்லச் செல்லத் திரியவே செய்யும். கடைகளில் விற்கும் ‘ஸ்குவாஷ்’ வகைக்குச் சட்டப்படி 25 விழுக்காடு பழச்சாறும் 40 விழுக்காடு கரைபொருளும் இருத்தல் வேண்டும். அவ்வினிப்பு நுண்ணுயிரைத் தடுக்கப் போதாமையால் இரசாயனப் பாதுகாப்புப் பொருளும் சேர்க்கின்றனர். 65 விழுக்காடு அளவுக்குச் சர்க்கரை செறிந்த பாகில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. செறிந்த இனிப்பு அவற்றின் நீரை உறிஞ்சிவிடும். எனினும் அப்பாகில் நீர் சேர்த்தவுடன் காலக்கணக்கு மீண்டும் தொடங்கிவிடும். வேளைக்கு வேண்டியதை வேளைக்கே செய்தலே நம் இல்லங்களுக்கு எளியதும் தூயதுமான வழி.

ஆலய விழாக்களிலும் அட்சய திருதியை நாளிலும் பலருக்குப் பானகம் வழங்குவோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். முதல் நாள் இரவே அண்டாவில் கரைத்து வைப்பது வசதியாக இருக்கலாம். அப்பானகம் மறுநாள் நண்பகலில் எந்நிலையில் இருக்கும் என்பதை மேலே கண்டோம். வெல்லப்பாகைக் காலையில் காய்ச்சி வைத்து, அடியார் கூட்டம் வர வரச் சிறு சிறு பாத்திரங்களில் கலந்து வழங்கினால் தானமும் நிறைவுறும், விரதமும் காக்கப்படும்.

கடைப் பானங்களில் கவனம்

வீட்டில் செய்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. புட்டியில் உள்ள பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கிறது. ஆயினும் தேன் சேர்ந்த பானத்துக்கும் பச்சைப் புள்ளியே இடப்படும். சட்டம் கூறும் சைவமும் சிராவகரின் உணவும் முற்றும் ஒன்றல்ல. வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். காக்கினியல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி எடுக்கும் ‘கார்மைன்’ என்னும் செந்நிறம் பல நாடுகளில் பானங்களில் சேர்க்கப்படுகிறது. அதன் எண் 120. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன் ஸ்ட்ராபெரி பானத்தில் இதனைச் சேர்த்திருந்தது 2012-இல் வெளிப்பட்டு, மக்களின் எதிர்ப்பால் தக்காளியிலிருந்து பெறும் நிறத்துக்கு மாற்றிக்கொண்டது. சாற்றைத் தெளியவைக்க விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்தும் முறையும் உண்டு.

பருகிய பின்

பருகி முடிந்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. தோலும் சக்கையும் கிடந்து நொதிக்கத் தொடங்கினால் அம்மணம் சிறு பழ ஈக்களை ஈர்க்கும். அவை அதில் முட்டையிடும். மறுநாள் அக்குப்பையைக் கொட்டும்போது எத்தனை உயிர்கள் மடியும் என்பதை எண்ணுக. ஆகவே தோலையும் சக்கையையும் அன்றே மாடு, ஆடுகளுக்கு இடுக. டம்ளர்களை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்க. இனிப்புச் சிந்திய இடத்தை எறும்பு வருமுன் துடைத்துவிடுக. வந்த எறும்பைக் கொல்லாதிருப்பதினும் அது வராதவாறு காப்பதே மேலான ஒழுக்கம்.

சுருங்கக் கூறின், கனியை ஆய்க, நீரை வடித்துக் காய்ச்சுக, பகலில் பிழிக, அளவாகச் செய்க, உடனே பருகுக, எச்சத்தை அன்றே அகற்றுக. இவை ஆறும் பெரிய விரதங்கள் அல்ல, எந்த இல்லத்துக்கும் இயல்வன. சிரேயாம்சன் வார்த்த கரும்புச்சாற்றின் தூய்மை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அளிக்கும் ஒரு டம்ளர் பானகத்திலும் இருக்குமாறு செய்வோமாக.

பாடசாலை மாணவர்க்குச் சில வினாக்கள்

1. மது விலக்குக்கு அமிர்தசந்திர ஆசாரியர் காட்டும் இரண்டு காரணங்கள் யாவை?
2. சலிதரசம் என்பது யாது? உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. ஒரு முகூர்த்தம் எத்தனை நாழிகை? எத்தனை நிமிடம்?
4. பதநீர் கள்ளாகாமல் சுண்ணாம்பு எவ்வாறு காக்கிறது?
5. பச்சைப் புள்ளி உள்ள பானம் அனைத்தும் சிராவகருக்கு ஏற்றதாகுமா? காரணம் கூறுக.